ஒரு நூல்கூட மாற்றாமல்

எனக்கு மார்பில் கட்டி என்பதும், அது நல்ல கட்டி இல்லை என்பதும் என் வீட்டுக்காரருக்குத் தெரிவதற்கு முன்னால் ‘ஊசிநூல்’ குழுவுக்குத் தெரிந்துவிட்டது. எல்லாம் என் நாத்தனாரின் வேலை. வீட்டுக்காரர் சரக்கு லாரியை ஓட்டிக்கொண்டு சிக்னல் கிடைக்காத ஏதோ மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தார். ஆபரேஷனுக்கு ரத்தம் தயாராக இருக்க வேண்டும், இவர்களுடைய ரத்த வகை லேசில் கிடைக்காது என்று டாக்டர் சொன்னார். அவ்வளவுதான், அவள் என் போனைப் பிடுங்கி என்னை ஒரு வார்த்தை கேட்காமல் குழுவில் போட்டுவிட்டாள். போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறவள். எதையும் முதலில் திறந்துவிட்டு அப்புறம்தான் கேட்பாள்.

“உலகத்துல வேற இடமே கிடைக்கலையா உனக்கு? அவ நடத்துற குழுவுல போயா என் நோயைக் கொட்டுவே?”

“அண்ணி, ஊர்ப்பட்ட பொம்பளைங்க இருக்காங்க அதுல. உங்களுக்கு ரத்தம் வேணுமா, ரோஷம் வேணுமா?”

“ரெண்டும்” என்றேன்.

வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கும் பெண்கள் போனில் கூடிப் பேசுகிற இடம் ஊசிநூல். தைத்ததைப் படம் பிடித்துப் போடுவோம், சந்தேகம் கேட்போம், இடையில் மாமியாரையும் கொஞ்சம் பிரித்துத் தைப்போம். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. எல்லோருக்கும் தையல் சாமான் பெயர்தான். பட்டன் என்று ஒரு பெரியவள், பாபின் என்று ஒரு வாயாடி, ஓவர்லாக் என்று ஒரு டீச்சர். நான் கத்தரி. நடத்துகிறவளுக்கு மட்டும் சாமான் பெயர் இல்லை. அவள் தலைவி.

இந்தத் தலைவி தலைவி ஆவதற்கு முன்பு, நாங்கள் இருவரும் ஒரே ரெடிமேட் துணிக் கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் கட்டிங், அவள் செக்கிங். அடுத்தவள் தைத்ததில் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. அதில் கெட்டிக்காரி. ஒரு துணியை வெட்டச் சொன்னால் மட்டும் அவளுக்கு வியர்த்துவிடும்.

சின்ன வயதில் மாடிப்படியில் உருண்டு விழுந்ததில் எனக்கு வலது பக்கக் காறை எலும்பு முறிந்து கோணலாகக் கூடிவிட்டது. அதனால் என் வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்தும் குறுகியும் இருக்கும். சும்மா பார்த்தால் தெரியாது, சட்டை போட்டால் தெரியும். கடையில் வாங்குகிற எந்தச் சட்டையும் வலது பக்கம் சரிந்து, கழுத்து இழுத்து, அக்குளில் மடிப்பு விழும். வெட்டத் தெரிந்தவளுக்கு இதைவிட அவமானம் உண்டா? உட்கார்ந்து எனக்கென்று ஒரு பேட்டர்ன் போட்டேன். எல்லோரும் துணியை இரண்டாக மடித்துப் போட்டு வெட்டுவார்கள். அப்போதுதான் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். என்னுடையது துணியை விரித்துப் போட்டு வெட்டுகிற பேட்டர்ன். இடது பாகம் வேறு, வலது பாகம் வேறு. வலது தோள் சரிவு வேறு, கைக்குழி வேறு, மார்பு எடுப்புக்காக உள்ளே பிடித்துத் தைக்கிற டார்ட் மடிப்பும் வலதில் கொஞ்சம் கீழே. முன்பக்கம் திறக்கிற சட்டை. அதை முதல் தடவை போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போன அன்று, இந்த உலகத்தில் ஒரு துணியாவது என் உடம்பை மதிக்கிறதே என்று எனக்கு அழுகை வந்தது.

“அழகா விழுதுடி. ரெண்டே நாள் கொடு, பார்த்துட்டுத் தரேன்” என்றாள் அவள். கொடுத்தேன். பேட்டர்ன் வரைந்த அந்தக் காக்கித்தாள் திரும்பி வரவில்லை. கேட்கும்போதெல்லாம் ஒரு சாக்கு. மழை பெய்தது, அலமாரி பூட்டியிருக்கிறது, தங்கச்சி எடுத்துப் போயிருக்கிறாள். பிறகு வேலையை விட்டுவிட்டாள். கொஞ்ச காலம் கழித்து ஊசிநூல் குழுவில் யாரோ என்னைச் சேர்த்துவிட்டபோது, முதல் பக்கத்திலேயே என் பேட்டர்ன் இருந்தது. ‘தலைவி சட்டை. என் பல வருட ஆராய்ச்சியின் பலன்.’

அதை என்ன பாடு படுத்தியிருந்தாள் தெரியுமா? நான் போட்டதை நடு சைஸ் என்று வைத்துக்கொண்டு, ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கிப் பெரிய சைஸ், சின்னதாக்கிச் சின்ன சைஸ் என்று விட்டிருந்தாள். ஜெராக்ஸ் மெஷினில் பெரிதாக்கினால் தோள் எலும்பும் சேர்ந்து பெரிதாகும் என்று நினைத்த மகராசி! தைத்தவர்களுக்கெல்லாம் வலது பக்கம் இழுத்துக்கொண்டு சுருக்கம் விழுந்தது. கேட்டார்கள். “வலது கைப் பழக்கம் உள்ளவங்களுக்கு வலது தோள் இறங்கித்தான் இருக்கும். இது உடம்போட இயற்கைக்கு ஏத்த கட்டிங். பழகப் பழக உக்காந்துடும்” என்றாள். இடது கைக்காரி ஒருத்தி அப்போ நான் என்ன செய்வது என்று கேட்டதற்கு, பொறுமை வேண்டும் என்று பதில் வந்தது. கடைசியில் பாவம், எல்லோரும் கழுத்து இழுக்காமல் இருக்க அந்தப் பக்கம் துணியைத் தளர்த்தி, உள்ளே சின்னதாக ஒரு பஞ்சுத் திண்டு வைத்துத் தைக்க ஆரம்பித்தார்கள். வலது தோளில் மட்டும் திண்டு. அதுவே ஊசிநூல் ஸ்டைல் என்று ஆகிவிட்டது. ஒரு தலைமுறைப் பெண்களே என் காறை எலும்பைத் தோளில் சுமந்து திரிந்தார்கள், அது யார் எலும்பு என்று தெரியாமல்.

நான் சும்மா இருக்கவில்லை. இது என் பேட்டர்ன் என்று எழுதினேன். நான் அந்தச் சட்டையைப் போட்டு நிற்கிற படத்தையும் போட்டேன். பார், எப்படி உட்கார்ந்திருக்கிறது! அதற்கு அவள் சொன்ன பதிலை இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். “கத்தரி நல்லாத் தைக்கிறவதான். என் பேட்டர்னை எடுத்துத் தன் உடம்புக்கு மாத்திக்கிட்டு, இப்ப தன்னோடதுன்னு சொல்றா. பரவால்ல, சின்ன மனசு.” முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மறைத்துவிட்டு, பக்கத்து இலைக்காரியைப் பூசணிக்காய்த் திருடி என்றவளை அன்றுதான் பார்த்தேன். பட்டன் வேறு வரிந்து கட்டிக்கொண்டு வந்தாள். “நல்லா இருக்கறவங்களப் பார்த்து வயிறு எரியாதே, கத்தரி. எரிஞ்சா தண்ணி குடி” என்றாள். ஆளாளுக்குச் சிரித்தார்கள்.

குழுவை விட்டு வெளியே போயிருக்கலாம். போகவில்லை. ஒரு வார்த்தை பேசாமல், ஒரு படம் போடாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். நாய் எலும்பைப் புதைத்த இடத்தை விட்டுப் போகுமா?

இப்போது நோய் வந்தது, தலைவிக்குக் கொண்டாட்டம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடியோவில் பேசினாள். உடம்பில் தலைவி சட்டை, வழக்கம்போல வலது தோளை மூடி ஒரு சால்வை. “நம்ம கத்தரி என்னோட உயிர்த் தோழி. ஒரே தட்டுல சாப்பிட்டவங்க நாங்க. அவளுக்காக இந்தக் குடும்பமே எழுந்து நிக்கணும்.” எழுந்து நின்றார்கள், அதை நான் மறுக்க மாட்டேன். முகம் தெரியாத பெண்கள் ரத்தம் கொடுக்க ஆள் அனுப்பினார்கள். ஓவர்லாக் டீச்சர் எந்த வார்டில் எந்த நர்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். பட்டன், அந்தத் தண்ணி குடிக்கச் சொன்ன பட்டன், என் ரத்த வகையுள்ள தன் மருமகன்கள் இரண்டு பேரையும் ஆட்டுக்குட்டி மாதிரி இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். குள்ளமான, மூச்சு வாங்குகிற அம்மா. அவள் போட்டிருந்த சட்டையிலும் வலது தோளில் திண்டு.

“பழசெல்லாம் மனசுல வச்சுக்காதேம்மா. தலைவி சொன்னா, உடனே கிளம்பிட்டேன்” என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பாதி நன்றியில் அழுதேன், பாதி ஆத்திரத்தில். எனக்குள் ஏறப்போகிற ரத்தம்கூட அவள் பேரில் வருகிறதே! ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று, பிறத்தியார் செய்ததையெல்லாம் தன் கையால் பரிமாறிக்கொண்டிருந்தாள். நான் பிழைத்தால் தலைவி புண்ணியம். நான் செத்தால் தலைவியின் தோழி. செத்துப்போவேனோ என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனால் என் சாவுக்கும் அவளே தலைமை தாங்குவாள் என்பதுதான் பொறுக்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் ஸ்கேன் எடுக்கக் காத்திருந்தபோது அடுத்த அறிவிப்பு வந்தது. ‘கத்தரிக்கு ஒரு சட்டை. ஆபரேஷனுக்கு அப்புறம் போட முன்பக்கம் திறக்கிற சட்டைதான் வசதி. ஆளுக்கு ஒன்று தைத்து அனுப்புவோம். நம் தலைவி சட்டை பேட்டர்னிலேயே!’

படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். நர்ஸ் திரும்பிப் பார்த்து முறைத்தாள். நோய் என்று தெரிந்த பிறகு அன்றுதான் எனக்கு முதல் தடவையாகப் பசித்தது. நாத்தனாரை இழுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனேன்.

“இதுல சிரிக்க என்ன அண்ணி இருக்கு?”

“யோசிச்சுப் பாரு. நான் தச்சதைக் காட்டினா மாத்தித் தச்சேன்னு சொன்னா இல்ல? இப்ப நான் தைக்கப் போறதில்ல. குழுவே தைக்கப் போகுது. வேற வேற கை, வேற வேற ஊரு, அவ பேட்டர்ன். ஒருத்திக்கும் உக்காராத அந்தச் சட்டை எல்லாம், எல்லார் கண்ணு முன்னாடியும், எனக்கு உக்காந்தா?”

அவள் வாயருகே கொண்டுபோன கரண்டி அப்படியே நின்றது. “அண்ணி, நீங்க கத்தரி இல்ல. அரிவாள்.”

நான் குழுவில் எழுதினேன். எத்தனையோ காலம் கழித்து எழுதிய முதல் வரி. ‘உங்கள் அன்புக்கு நன்றி. தலைவியின் கட்டிங்குக்கு ஈடு இல்லை. என் உடம்புக்காக யாரும் எதையும் திருத்த வேண்டாம். நடு சைஸ், அப்படியே, ஒரு நூல்கூட மாற்றாமல் தைத்து அனுப்புங்கள். திண்டு மட்டும் வேண்டாம், தோளில் எதுவும் அழுத்தக் கூடாதாம்.’ டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் தலைவியே கூப்பிட்டாள். குரலில் தேன் வழிந்தது.

“இப்பவாச்சும் ஒத்துக்கிட்டியே. எனக்கு அது போதும்டி. பழசை நான் மறந்துட்டேன்.”

நீ மறப்பாய், ஏன் மறக்க மாட்டாய்? திருடியவளுக்கு மறதி ஒரு வசதி. “பெரிய மனசு உங்களுக்கு” என்றேன்.

அடுத்து அவள் சொன்னதில்தான் என் கணக்கு தப்பியது. “வர்ற பார்சலை எல்லாம் பிரிக்காம வை. ஆபரேஷன் முடிஞ்சதும் ஆஸ்பத்திரிக் கட்டில்ல நீ படுத்திருக்கும்போது நேரலை வைப்போம். கட்டோட இருந்தாத்தான் பாக்கறவங்களுக்கு மனசு உருகும்.”

இவ்வளவு காலம் துணியைச் செக்கிங் பண்ணியவளுக்கு ஒன்று புரியவில்லை. குழுவில் ஒருத்திக்கும் புரியவில்லை. எனக்கு எடுக்கப்போவது வலது மார்பை. அது போய்விட்டால் அந்த டார்ட்டுக்குள் வைக்க ஒன்றும் இல்லை. வலது முன்பாகம் மொத்தமும் தொங்கிவிடும். அறுத்த பிறகு போட வேண்டிய சட்டையை, அறுப்பதற்கு முந்தைய உடம்பின் அளவில் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஆபரேஷன் வியாழக்கிழமை. அதற்குப் பிறகு அந்தப் பேட்டர்ன் பொருந்துகிற உடம்பு இந்த உலகத்தில் எங்கேயும் இருக்காது. என் சாட்சியை அறுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் நான் எத்தனை கத்தினாலும், தோழிக்கு மயக்க மருந்து தெளியவில்லை என்பாள்.

“ஆபரேஷனைத் தள்ளிப் போட முடியுமான்னு கேக்கவா?” என்றேன் நாத்தனாரிடம். அவள் முகம் மாறிவிட்டது.

“அண்ணி, விளையாட்டு வேற, வினை வேற. ஆறின கஞ்சி பழங்கஞ்சி. ஒரு சட்டைக்காக உயிரை வச்சு ஆடுவாங்களா? அண்ணன் வந்து கேட்டா நான் என்ன சொல்வேன்? நான்தான் அந்தக் குழுவுல போட்டேன். எனக்குத்தான் பாவம்.” கேன்டீன் மேசையிலேயே அழுதுவிட்டாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை.

எனக்கும் சுருக்கென்றது. இல்லை, ஆபரேஷனைத் தள்ளவில்லை. அவளுக்கு அப்படிச் சத்தியம் செய்து கொடுத்தேன். அதற்குப் பதிலாகத் தலைவியைத் தள்ள வேண்டும். அவளை எந்தப் பக்கம் தட்டினால் எந்தப் பக்கம் சாய்வாள் என்று எனக்குத் தெரியும். போனைப் போட்டேன். குரலைத் தழைத்துக்கொண்டேன்.

“தலைவி, ஒண்ணு கேக்கணும். நான் மேசையிலயே போயிட்டேன்னா?”

“சீ, வாயைக் கழுவு.”

“இல்ல, சொல்றேன். போயிட்டா அந்தச் சட்டைங்களை நான் பார்க்காமலே போவேன். உங்ககிட்ட நன்றி சொல்லாமலே போவேன். புதன்கிழமை வச்சுக்கிட்டா, எதுவானாலும் அது என்னோட கடைசிப் பேச்சா இருக்கும். எல்லார் முன்னாடியும் உங்களைப் பத்திப் பேசணும்னு ஆசை.”

அந்தப் பக்கம் அவள் கணக்குப் போடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. கட்டோடு படுத்திருப்பவளைவிட, நாளைக்குச் சாகக்கூடியவள் நல்ல சரக்கு. “சரிடி. உனக்காகப் புதன்கிழமையே வைக்கிறேன்” என்றாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் காதாலும் கெட்டது.

புதன்கிழமை மத்தியானம் எங்கள் முன்னறை தபால் நிலையம் மாதிரி இருந்தது. சோபா, தையல் மெஷின், டிவி மேல் என்று எங்கும் பார்சல். நாத்தனார் கடையிலிருந்து பெரிய திரையும் நல்ல கேமராவும் இரவல் வாங்கி வந்து, ஜன்னல் வெளிச்சம் என் தோளில் விழுகிற மாதிரி வைத்தாள். உடம்பின் வடிவம் தெரிகிற மாதிரி ஒட்டிப்பிடித்த உள்சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். திரை முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்களில் பெண்கள். சமையலறையில், கடையில், மெஷின் பக்கத்தில், பஸ்ஸில்கூட ஒருத்தி. நடுவில் தலைவி. சால்வை புதுசு.

அவள் முதலில் பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். என் நோயின் கதையில் நான் நடுநடுவேதான் வந்தேன். கடைசியில், “இப்ப கத்தரி ரெண்டு வார்த்தை” என்றாள்.

“பேசறதுக்கு முன்னாடி போட்டுப் பார்க்கறேன். நீங்க தச்சதைப் போடாம எப்படி நன்றி சொல்றது?” என்று முதல் பார்சலை எல்லோர் முன்னாலும் பிரித்தேன். பட்டன் அனுப்பியது. இளம்பச்சைப் பருத்தித் துணி, கையாலேயே எடுத்த காஜா. கையை நுழைத்து, பட்டனைப் போட்டு, எழுந்து நின்றேன்.

எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. கழுத்து இழுக்கவில்லை, அக்குளில் ஒரு சுருக்கம் இல்லை. வலது தோள் எலும்பின் மேல் தையல் கோடு வந்து படுத்துக்கொண்டது. ஓடிப்போன பசு வீடு திரும்பி வந்த மாதிரி இருந்தது. கேமரா முன்னால் மெல்லத் திரும்பினேன்.

“அடி ஆத்தி, எப்படி உக்காருது!” என்றது பட்டனின் குரல். “என் கைக்கு இவ்வளவு நல்லாத் தைக்க வருமா?”

அடுத்ததைப் பிரித்தேன். பாபின் அனுப்பியது, பூப்போட்டது. அதுவும் உட்கார்ந்தது. ஓவர்லாக் டீச்சருடையது, கோடு போட்டது. கோடு போட்ட துணியில் கோணல் உடனே காட்டிக்கொடுத்துவிடும். கோடுகள் நேராக நின்றன. இன்னொன்று. இன்னொன்று. கட்டங்களில் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. இவர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. கண் தெரிந்தவர்கள், கைத்தொழில் தெரிந்தவர்கள். நம்பிவிட்டார்கள், அவ்வளவுதான்.

“ஒரு ஆசை” என்றேன். “உங்ககிட்ட இருக்கற தலைவி சட்டையை எடுத்து, திண்டு இல்லாம போட்டுட்டு நில்லுங்க. இல்லேன்னா போட்டிருக்கறதுல திண்டை உருவிடுங்க. எல்லாரும் ஒண்ணா ஒரு தடவை பார்க்கணும் எனக்கு.”

சாகப்போகிறவள் கேட்டால் யார் மறுப்பார்கள்? எழுந்தார்கள், போட்டார்கள், நின்றார்கள். திரை முழுக்க வலது தோள் தொய்ந்து, அக்குள் சுருங்கி, ஒரே மாதிரி கோணலாக நின்ற பெண்கள். இடது கைக்காரியும் நின்றாள், அவளுக்கும் கோணல். அத்தனை பேருக்கும் நடுவில் நான் ஒருத்திதான் நேராக இருந்தேன். சின்ன வயதிலிருந்தே நேராக இல்லாத நான்.

சட்டையின் மேல் பட்டனைக் கழற்றி, என் காறை எலும்பைக் கேமராவுக்குக் காட்டினேன். “சின்ன வயசுல உடைஞ்சது. இந்தத் தோளுக்குப் போட்ட கட்டிங் அது. மாத்தித் தச்சுக்கிட்டேன்னு சொன்னீங்களே, தலைவி? இது நான் தச்சது இல்ல. இவங்க தச்சது. ஒரு நூல்கூட மாத்தாம.” அவளைப் பார்த்தேன். எத்தனையோ காலமாக எண்ணி எண்ணி வைத்திருந்த வசவு எல்லாம் இருந்தது. ஒன்றும் தேவைப்படவில்லை. “உங்க ஆராய்ச்சிதானே? சால்வையை எடுத்துட்டு ஒரு தடவை நீங்களும் நில்லுங்க, தலைவி.”

“உடம்பு சரியில்லாதவ ஏதோ உளறுறா. நாம இதைப் பெருசு பண்ண வேண்டாம்” என்றாள். உதடு மட்டும்தான் பேசியது.

“சால்வையை எடும்மா” என்றாள் பட்டன். “என் கைதான் சரியில்லன்னு நினைச்சு எத்தனை சட்டையைப் பிரிச்சுப் பிரிச்சுத் தச்சேன் தெரியுமா? கண்ணு போச்சுன்னு கண்ணாடி மாத்தினேன். இந்தப் பொண்ணை, என் வாயால, வயித்தெரிச்சல் பிடிச்சவன்னு சொன்னேன். எடு சால்வையை!”

“எடுங்க தலைவி” என்றாள் பாபின். “எடுங்க” என்றாள் பஸ்ஸில் இருந்தவள். எல்லாக் கட்டமும் பேச ஆரம்பித்தது. தலைவி சால்வையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நெட் சரியில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அவள் கட்டம் இருண்டது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? அவ்வளவு சந்தோஷம். வியாழக்கிழமை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போதும் சிரித்தபடிதான் போனேன். மலைப்பாதையிலிருந்து வந்து சேர்ந்த என் வீட்டுக்காரர், இவளுக்குப் பயத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து அவர் பாட்டுக்கு அழுதார்.

பிழைத்தேன். கட்டுப் பிரித்த பிறகு, நர்ஸ் பட்டனின் பச்சைச் சட்டையைப் போட்டுவிட்டாள். நான் கணக்குப் போட்டபடியேதான் ஆனது. வலது முன்பாகம் தொளதொளவென்று தொங்கியது. டார்ட் காலிப் பை மாதிரி இருந்தது. இனி அந்தப் பேட்டர்ன் எனக்கும் இல்லை, யாருக்கும் இல்லை. எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்து என்ன, அன்று முழுவதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன். சட்டைக்காகத்தான் அழுதேன் என்று சொல்ல மாட்டேன்.

அந்த வாரக் கடைசியில் அவள் வந்தாள். சால்வை இல்லை. கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம். நாத்தனார் வாசலிலேயே மறித்தாள். விடு, வரட்டும் என்றேன்.

“எல்லாரும் பட்டனோட சேர்ந்து வேற குழுவுக்குப் போயிட்டாங்க” என்றாள். கட்டில் விளிம்பில் உட்காரத் தயங்கினாள். “தெருவுல போனாக்கூட என் தோளைத்தான் பாக்கறாங்க. தப்புதான்டி. நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சமாதானமாயிட்டோம்னு. மன்னிச்சுட்டேன்னு.”

“டேப் வச்சிருக்கியா?” என்றேன்.

“என்னது?”

“தைக்கிறவ பையில டேப் இல்லாமலா இருக்கும்? எடு. என்னை அளவெடு.”

நாத்தனார் என்னைப் பிடித்து நிற்க வைத்தாள். தலைவி டேப்பை எடுத்தாள். கழுத்து. இடது தோள். வலது தோள், அந்தத் தாழ்ந்த எலும்பின் மேல் விரல் பட்டபோது அவள் கண் என்னைப் பார்க்கவில்லை. சத்தமாகச் சொல்லு என்றேன். சொன்னாள். மார்புக்கு வந்தபோது டேப் நின்றுவிட்டது.

“எடு.”

“வேண்டாம்டி.”

“இடது பக்கம் எவ்வளவு, வலது பக்கம் எவ்வளவுன்னு தனித்தனியா எடு. விரிச்சுப் போட்டு வெட்டுற பேட்டர்ன் இல்லையா? உன் ஆராய்ச்சி ஆச்சே.”

எடுத்தாள். வலது பக்கம் சட்டைக்குள் ஒன்றும் இல்லாத இடத்தின் மேல் டேப்பை வைத்தாள். அவள் கண்ணீர் என் சட்டையில் சொட்டியது. பச்சைத் துணியில் அந்த இடம் கறுத்தது.

“அழாதே. அளவு தப்பிடும்” என்றேன்.

அவள் அளவைச் சொன்னாள். வாய்க்குள்ளேயே சொன்னாள். மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னாள்.

“இதுதான் இப்ப என் உடம்பு. இதையும் எடுத்துட்டுப் போ. இதுக்கும் உன் பேரை வச்சுக்கோ. ஒரு நூல்கூட மாத்தாதே.”

அவள் டேப்பைக்கூடச் சுருட்டாமல் போய்விட்டாள். ஆரஞ்சுப் பழம் கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்தது. நாத்தனார் என்னை மெல்லப் படுக்க வைத்து, போர்வையை இழுத்துவிட்டாள்.

“போதுமா அண்ணி?” என்றாள்.

“போதாது” என்றேன்.